இருபத்திரண்டு நொடி

ரெடுய் ரவுண்டானாவில்
ரொட்டி வேன் கவிழ்ந்தபோது
மழை இன்னும் தெருவை
முழுசாய் நனைத்திருக்கவில்லை.
அதற்குள் என் கைப்பேசியில்
பூபாலன் செத்துப்போயிருந்தார்.

யாரோ பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த படம்.
சாலையெங்கும் ரொட்டி, உருண்டை உருண்டையாய்,
நடுவில் ஒற்றைச் செருப்பு.
"போய்ட்டாரு பாவம்" என்று கிரியோலில் ஒரு வரி.
அதன் கீழே முந்நூறு பேர் அழுதிருந்தார்கள்
கட்டைவிரலால்.
நானும் அழுதிருப்பேன்.
ஆறு மணிக்கு எனக்குச் செய்தி இருந்தது.

தமிழுக்கு எங்கள் வானொலியில் ஐந்து நிமிடம்.
அமைச்சர் திறந்துவைத்த பாலத்துக்கு ஒன்றரை,
புயல் எச்சரிக்கைக்கு ஒன்று,
இந்த விபத்துக்கு இருபத்திரண்டு நொடி
என்று எடிட்டர் பென்சிலால் குறித்திருந்தார்.
பக்கத்திலேயே, "ஒருவர் பலி."
யார் சொன்னது என்றேன்.
தன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.
அதே படம். அதே செருப்பு.

கான்டோஸ் மருத்துவமனைக்கு மூன்று முறை அடித்தேன்.
மூன்று முறையும் யாரோ பியானோ வாசித்தார்கள்.

மைக்கில் போன சொல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது.
காற்றுக்கு அழிரப்பர் இல்லை.
நான் படித்தது இவ்வளவுதான்:
"ரெடுய் அருகே வேன் விபத்து.
ஓட்டுநர் பூபாலன் மருதமுத்து மருத்துவமனையில்."
மிச்சமிருந்த பதினோரு நொடியை
மழைக்குக் கொடுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும்.
அந்தப் பெயரை
மருதமும் முத்தும் தனித்தனியாய்க் கேட்கும்படி சொன்னேன்.
பள்ளியில், வங்கியில், பாஸ்போர்ட்டில்
அவர் மார்தேமூத்தூ.
எந்தக் குமாஸ்தாவோ, எந்தக் கப்பல் பதிவேட்டிலோ,
பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதிவைத்தது.

மறுநாள் பத்திரிகையில், ஐந்தாம் பக்கம்,
கேஸ் விலைக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் நடுவே:
மார்தேமூத்தூ, 58, சம்பவ இடத்திலேயே.
வேனின் நம்பர் இருந்தது,
சாலை எத்தனை டிகிரி சரிகிறது என்பது இருந்தது,
போன வருடம் அதே வளைவில் யார் யார் விழுந்தார்கள் என்பதும்.
நிருபர் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.
ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.
வாசந்தி அதைக் கட்டிலருகே வாசித்துக்காட்ட,
கழுத்தில் பட்டையோடு பூபாலன் கேட்டாராம்:
"ஐம்பத்தெட்டா? எனக்கு ஐம்பத்தாறுதானே."

நான்காம் நாள் திருத்தம் வந்தது.
தீப்பெட்டி அளவுக் கட்டம்: வருந்துகிறோம்.
அச்சுக்கு அந்த மானமாவது இருந்தது.
அடுத்த வாரம் மார்க்கெட்டில்
அந்தத் தாளில்தான் எனக்குக் காத்தோ பிமா மடித்துத் தந்தான்;
எண்ணெய் ஊறி
எழுத்து மறுபக்கம் தெரிந்தது.
கைப்பேசியில் போனதை அழிக்கலாம், ஒரே தட்டு.
யாரும் அழிக்கவில்லை.
வேறு ஊரின் பெயரோடு, வேறு பாட்டோடு
அதே செருப்பு இன்னொரு முறை வந்தது.

"நீயாவது சொல்லேன் ரேடியோவில்,
நான் இருக்கேன்னு."
எடிட்டரிடம் கேட்டேன்.
"உயிரோடு இருப்பது செய்தி இல்லையம்மா."
அவர் பக்கம் நியாயம் உண்டு.
இந்தத் தீவில் பன்னிரண்டு லட்சம் பேர்
தினமும் செய்கிற காரியம்.

இப்போது வேன் வேறு, ஹாரன் பழசு.
விடியற்காலை ஐந்தரைக்கு
ரோஸ் ஹில்லில் எங்கள் சந்து முனையில் இரண்டு தரம் அடிப்பார்.
முதல் நாள் கதவைத் திறந்த மதாம் லெபோன்
ரொட்டியை வாங்காமல்
அவர் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

இன்றோடு ஒரு வருடம்.
கைப்பேசி தானாகவே அந்தப் படத்தை எடுத்து
"நினைவுகள்" என்று நீட்டியது.
புதிதாய் ஒன்பது பேர் அழுதிருந்தார்கள்,
ஒருவர் அவருடைய சொந்த மச்சான்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஹாரன் கேட்டது, இரண்டு தரம்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.
எப்போதும் நாலு வாங்குகிறவள்
ஆறு வாங்கினேன்.